போர்டிகோ சும்மா கிடக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளாகப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் என் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. வரி தொடங்கும்போது நேராகப் போகிறது. பாதி தாண்டியதும் வண்டி பள்ளத்தில் இறங்குவது போலக் கீழே சரிகிறது. ஓர் எழுத்து பெரியதாக இருக்கிறது, பக்கத்து எழுத்து அது பெற்ற பிள்ளை போல இருக்கிறது. சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளி அள்ளி மண்வெட்டி பிடித்துப் பழகிய கை. பேனாவையும் அப்படியே அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கும், பார். 'இ' மட்டும் எனக்கு நன்றாக வரும். அதனால் 'இ' வரும் இடத்திலெல்லாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். "எழுதறதவிட எழுதினதப் பாக்கத்தான் ஒங்களுக்கு நேரம் ஆவுது" என்கிறாள் உன் அம்மா.

இதை நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. கடிதத்தைப் பிரித்ததும் யார் எழுதியது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். நான்தான். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. இத்தனை நாள் உன்னிடம் மறைத்து வைத்திருந்த சந்தோஷம் இது. பொங்கலுக்கு நீ வரும்போது தினசரியைக் கையில் எடுத்து உன் எதிரில் சத்தமாகப் படித்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்தச் சந்தோஷத்துக்குள் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், அதையும் உன் பேரில் செய்துவிட்டேன். அதனால் சந்தோஷத்தையும் தப்பையும் ஒரே தாளில் எழுத வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் போனில் கேட்டாயே, "செல்வராசு அண்ணனுக்கு என்னப்பா ஆச்சு?" என்று. பொங்கலுக்கு விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வேனை எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று நீ கேட்டதற்கு, "வண்டி தோதுப்படாது தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார் என்றாய். முன்பெல்லாம் நீ கேட்பதற்கு முன்பே வந்து நிற்பவர் என்றாய். நான் என்ன சொன்னேன்? "எனக்கு என்னப்பா தெரியும், தொழில்ல எதாவது நெருக்கடியா இருக்கும்" என்று சொன்னேன். எனக்குத் தெரியும் தம்பி. அப்போதே எல்லாம் தெரியும்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு வரிசை பிடிபடும். பக்கத்து வீட்டுச் செல்வராசுவின் மனை சின்னது. மனை முழுக்க வீட்டைக் கட்டிவிட்டான், வாசல் படி இறங்கினால் தெரு. நம் வீட்டில் நீ கார் வாங்குவதற்கு முன்பே காருக்கென்று போர்டிகோ போட்டாய். சிமெண்டுத் தரையை வழவழவென்று இழைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் நின்று வேலை வாங்கினாய். நீ ஓசூருக்குப் போன பிறகு அதில் நிற்பது என் சைக்கிள் ஒன்றுதான்.

செல்வராசு மனைவி கவிதா, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். சம்பளமா காசா, ஒன்றும் இல்லை. "மாமா, சும்மா வந்து ஒக்காந்து பாருங்க, புடிக்கலன்னா எழுந்து போங்க" என்று ஒரு நாள் என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போனாள். உள்ளே போனால் எல்லாம் பெண்கள். முந்திரி உடைக்கப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு மாதம் போனதும் முதல் வரிசைக்கு வந்துவிட்டேன். கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பலகையில் எழுத்து விழும்போது கிட்டத்தில் இருந்து பார்க்க ஆசை.

ஆனால் நோட்டில் எழுத வரவில்லை. விரல் மடங்கவில்லை, சின்ன எழுத்து நடுங்கியது. ஒரு நாள் மத்தியானம் வகுப்பில் பொறுக்கி வந்த சாக்பீஸ் துண்டை வைத்துப் போர்டிகோ தரையில் 'அ' எழுதிப் பார்த்தேன். தட்டு அளவுக்குப் பெரியதாக எழுதினேன். தோளில் இருந்து இழுத்தேன், வந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் என் சிலேட்டு. மத்தியானம் உன் அம்மா படுத்ததும் கேட்டைச் சாத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்து இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரைக்கும் எழுதுவேன். நிறைந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு மறுபடி எழுதுவேன். நீ இழைக்கச் சொன்ன தரை, சாக்பீஸ் அதில் எப்படி ஓடுகிறது தெரியுமா. "கோலம் போடறவ நான் வெளிய, ஐயா உள்ள" என்று உன் அம்மா கிண்டல் பண்ணுவாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வயதானவன் தரையில் தவழ்ந்துகொண்டு ஆனா ஆவன்னா எழுதுவதைத் தெரு பார்த்தால் என்ன நினைக்கும் என்று கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுத்தான் எழுதுவேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வராசு அந்தப் பழைய வேனை வாங்கினான். முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் இருந்து கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து முதல் ஷிப்டுக்குச் சுரங்கத்தில் விட வேண்டும். நிலையான ட்ரிப். நம் தெரு உனக்குத் தெரியும், ஒரு வேன் நின்றால் தண்ணீர் லாரி உள்ளே வராது. தெருவில் நிறுத்தினான், ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒரு நாள் வந்து நம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டான்.

"பெரியப்பா, ஒங்க போர்டிகோ சும்மாதான கெடக்குது. தம்பி வர்ற வரைக்கும் வேன நிறுத்திக்கட்டுமா? தம்பி வந்தா அன்னிக்கே எடுத்துடறேன்."

சும்மா கிடக்கவில்லை என்று எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தம்பிய ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேம்ப்பா" என்றேன். உன்னைக் கேட்கவே இல்லை. கேட்டால் நீ "இதுக்கெல்லாமாப்பா கேப்பாங்க, நிறுத்தச் சொல்லு" என்பாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே வந்தான். "தம்பி ஒத்துக்கல செல்வராசு. அவன் மச்சான் வூட்டு கார் எப்ப வேணா வருமாம், எடம் காலியா இருக்கணும்ங்கறான்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அத்தனை சரளமாக வந்தது. "சரி பெரியப்பா, அவரு வூடு, அவரு சொல்றதுதான" என்று சொல்லிவிட்டுப் போனான். முன்பெல்லாம் உன்னை 'அவன்' என்றுதான் சொல்வான். அன்றைக்கு 'அவர்' என்றான்.

இதே நாட்களில்தான் நீ போனில் உன் அபார்ட்மெண்ட் கதையைச் சொன்னாய். உன் கார் நிறுத்தும் இடத்தில் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை விடுகிறார், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாய். நான் உனக்கு எவ்வளவு நேரம் புத்தி சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? பக்கத்தில் இருக்கிறவன்தான் நாளைக்கு உதவுவான், கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள், மனசு பெரிசா இருக்கணும் என்றெல்லாம் சொன்னேன். கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சாக்பீஸ் கையோடு நின்றுதான் அதைச் சொன்னேன். நீ "சரிப்பா" என்று கேட்டுக்கொண்டாய். ஸ்கூட்டரை விட்டுவிட்டதாக அடுத்த முறை சொன்னாய். அந்தச் 'சரிப்பா' இப்போதும் காதில் இருக்கிறது.

எனக்கு இந்தப் பொய் ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நாம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தாய். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அப்பாக்கள் நேரில் வர வேண்டும் என்று உன் டீச்சர் சொல்லியிருந்தார். நான் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். "பெல்ட்ல அடிபட்டுடுச்சிங்க டீச்சர்" என்றேன். அந்த அம்மா பதறிப்போய் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பையனே அப்பா பேரை எழுதட்டும்" என்றார். நீ என் துணியைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லாமல் என் பேரை எழுதினாய். வீட்டுக்கு வரும் வழியில் பேக்கரியில் உனக்குப் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நீ அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றாய். எழுதத் தெரியாததை மறைக்க அன்றைக்கு உன்னை நிறுத்திக்கொண்டேன். தரையில் எழுதிப் பழகுவதை மறைக்கவும் உன்னைத்தான் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். இடையில் நீ வளர்ந்துவிட்டாய். நான் மாறவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்பில் கவிதா ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தாள். "எல்லாரும் அவங்கவங்க வூட்ல, வர்றவங்க போறவங்க படிக்கற மாரி ஒரு வரி எழுதி வைங்க. நான் வந்து பாப்பேன்" என்றாள். ஒரு அம்மா ஆட்டுக் கொட்டகையில் 'ஆடு விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி வாசல் பானையில் 'தண்ணீர் குடிக்கலாம்' என்று எழுதினாள். நான் மருந்துக் கடை ஷட்டரில் இருப்பதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஜன்னலுக்கு அடித்த பெயிண்டில் வெள்ளை மிச்சம் இருந்தது. கேட்டின் மேல் பெரிய எழுத்தில் 'இங்கு வண்டி நிறுத்தக் கூடாது' என்று எழுதினேன். எழுதிவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா தம்பி. என் எழுத்தை முதன்முதலாகத் தெரு படிக்கப் போகிறது. எனக்கு முழுசாகத் தெரிந்த வரி அது ஒன்றுதான், அதனால் எழுதினேன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். 'தண்ணீர் குடிக்கலாம்' எனக்கும் எழுதத் தெரியும்.

சாயந்திரம் கவிதா ஸ்கூட்டியில் வந்தவள் கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வண்டியை அணைத்தாள். நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன், எழுந்து வந்தேன். வகுப்பில் எங்களைப் படிக்க வைப்பது போலவே ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். படித்து முடித்ததும் 'நிறுத்த' என்ற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு சொன்னாள்:

"'று' நல்லா வந்திருக்குது மாமா. வகுப்புல அதுக்குத்தான நீங்க தெணறுவீங்க."

அவ்வளவுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பில் எல்லார் எதிரிலும் "ஐயாதான் ஒத்த தப்பு இல்லாம எழுதியிருக்காரு, கை தட்டுங்க" என்றாள். தட்டினார்கள். நான் குனிந்துகொண்டு நோட்டைப் பார்த்தேன்.

அன்றைக்கே அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. செல்வராசு வேனை மெயின் ரோட்டில் மரவாடி ஓரமாக நிறுத்தத் தொடங்கினான். விடிவதற்கு முன்னால் அவ்வளவு தூரம் நடந்து போய்த்தான் எடுப்பான். ஒரு நாள் போய்ப் பார்த்தால் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். முத்தாண்டிக்குப்பத்தில் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டில் நின்றார்கள், ஷிப்ட் போய்விட்டது. இப்படி நம்ப முடியாத வண்டி வேண்டாம் என்று கான்ட்ராக்ட்காரர் அந்த ட்ரிப்பை வேறொரு வேனுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது செல்வராசு குள்ளஞ்சாவடி பக்கம் கல்யாணம் காதுகுத்து என்று கிடைத்தால் ஓட்டுகிறான், கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிறான். பேட்டரி போன அன்று காலையில் வெறுங்கையோடு நடந்து வந்தான். நான் வாசலில் நின்றேன். "என்ன பெரியப்பா, காப்பி ஆச்சா?" என்று எப்போதும் போலக் கேட்டுவிட்டுப் போனான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் நீ போன் செய்தாய். உனக்கும் பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உன் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கீரையைக் கீழே வைத்தாள்.

"புள்ள பேர்லயா சொன்னீங்க? அவன் அங்க இருந்துகினு, ஒண்ணும் தெரியாமயே இங்க கெட்ட பேரு வாங்கிகினு இருக்கான். எழுந்திருங்க, இப்பவே போயி சொல்லுங்க. நான் வர மாட்டேன். நீங்களே போங்க."

போனேன். செல்வராசு வீட்டில் நின்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு ஒரு நிமிஷம் வாங்க" என்று கூட்டி வந்தேன். கேட்டைத் திறந்தேன். மத்தியானம் எழுதியது தரை முழுக்க அப்படியே இருந்தது. ககர வரிசையில் பாதி, உன் பேர், உன் அம்மா பேர், சுரங்கம், பெல்ட், பலாப்பழம். செல்வராசு எழுத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து சுற்றிப் பார்த்தான்.

"இதுக்கா?" என்றான்.

"இதுக்குத்தாம்ப்பா. தம்பி ஒண்ணும் சொல்லல. அவன நான் கேக்கவே இல்ல."

"நான் விடியக்காத்தால எடுத்தா பொழுது சாஞ்சிதான பெரியப்பா வருவேன். பகலெல்லாம் இது ஒங்களுக்குத்தான. சொல்லியிருந்தா போவும்போது தரைய நானே கூட்டி வுட்டுட்டுப் போயிருப்பேனே."

இது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. இத்தனை வருடம் ஷிப்ட் பார்த்த ஆள் நான். ஓர் ஆள் இறங்கும் இடத்தில் இன்னொரு ஆள் ஏறித்தானே அந்தச் சுரங்கமே ஓடுகிறது. கேட்டைச் சாத்திக்கொண்டவனுக்கு அது தோன்றவில்லை.

கவிதா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எங்கிட்ட சொல்ல என்னா மாமா வெக்கம்? நான்தான சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அதற்குத்தான் என்னால் நிமிர முடியவில்லை.

செல்வராசு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் பெரியப்பா. இருக்குது. ட்ரிப் போயிடுச்சி. ஆனா அதவிட தம்பிய நெனச்சாதான் எனக்கு ஒரு மாரியா இருக்குது. கார் வாங்கினதும் மண்டகனம் ஏறிடுச்சின்னு இவகிட்ட எத்தன நாளு பேசினேன் தெரியுமா? போன் பண்ணப்பகூட மூஞ்சில அடிச்ச மாரி சொல்லிட்டேன்" என்றான்.

"இப்பவே கொண்டாந்து நிறுத்து செல்வராசு" என்றேன்.

"வேணாம். இது தம்பி வூடு. தம்பி வாயால சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம். போன்ல நீங்க கேட்டுச் சொல்ற வேலையும் வேணாம். ஒரு தடவ கேட்டுச் சொன்னீங்களே, போதும். நடந்தத நடந்த மாரி தம்பிக்கு எழுதுங்க. எழுதத்தான் தெரிஞ்சிடுச்சில்ல?"

அது கிண்டலா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கவிதா போகும்போது, "நான் திருத்தித் தர மாட்டேன் மாமா. எப்படி வருதோ அப்படியே அனுப்புங்க" என்றாள். அதனால்தான் இதில் இத்தனை அடித்தல் இருக்கிறது.

தம்பி, அப்பாவாக உனக்குப் புத்தி சொல்லும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் எழுதக் கற்றுக்கொண்ட புதிது, ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் உன் இடத்தைக் கேட்டால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுக்க மனசில்லை என்றால் உன் காரணத்தை உன் பேரிலேயே சொல்லிவிடு. எவ்வளவு சின்னக் காரணமாக இருந்தாலும் சொல்லிவிடு. என் காரணம் ஒரு சாக்பீஸ் துண்டு. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒருவனுடைய ட்ரிப்பையும் என் பிள்ளையின் பேரையும் கெடுத்தேன். ட்ரிப் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. கான்ட்ராக்ட்காரரிடம் நானும் போய்ப் பேசினேன். பார்க்கலாம் என்றார். உன் பேரை மட்டும் இந்தக் கடிதத்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

இதைப் படித்ததும் பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். நேராகச் செல்வராசுக்குப் போன் பண்ணு. உன் இடம், உன் விருப்பம். சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் இந்த முறை அது உன் வார்த்தையாகவே அவன் காதில் விழட்டும். என் மேல் கோபம் இருந்தால் அதையும் அவனிடமே சொல்லிக்கொள், இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும்.

நேற்று தரையைக் கழுவிவிட்டேன். கேட்டில் இருக்கும் வரியை இன்னும் அழிக்கவில்லை. நான் அவசரப்பட்டு அழித்தால் அதுவும் உன்னைக் கேட்காமல் செய்ததாகிவிடும். ஆனால் கேட்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், பகலிலும். இந்தக் கடிதத்தையே போர்டிகோவில் நாற்காலி போட்டு, தெரு பார்க்கத்தான் எழுதினேன். செல்வராசு இரண்டு தடவை இந்தப் பக்கம் போனான். உள்ளே பார்த்தான், நிற்கவில்லை.

கை வலிக்கிறது. இவ்வளவு நீளமாக நான் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி உட்காருவேன். அப்போது பக்கத்தில் வேன் நின்றால் அதை எழுதுகிறேன். நிற்காவிட்டால் அதையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கையில் துணி சுற்றாத
உன் அப்பா